படத்தில் இல்லாத மச்சம்

அத்தியாயம் 11

கோபம் வந்தால் சிலருக்குப் பசி எடுக்கும். சிலருக்குப் பசி அடைத்துப்போகும். நம் பெண் இரண்டாவது ரகம். நேற்று மதியத்திலிருந்து அவள் வயிற்றில் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

நேற்று நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். விசா மையத்தில் டை கட்டிய ஒருவர் அவளுடைய பாஸ்போர்ட்டையும் மொழித் தேர்வுச் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் அவள் முகம் அவள் முகமாகவே இருந்தது. அரசாங்கக் கேமரா; தாட்சண்யம் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி எடுத்திருந்தது. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை இறங்கும் பிறவி மச்சம், பீட்ரூட் நிறத்தில், பாதி உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருந்தது. சான்றிதழில் இருந்த முகத்தில் மச்சம் இல்லை. பளிச்சென்று துடைத்துவிட்ட கன்னம்.

இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகத் தெரியவில்லையே என்றார் டை. அவளுக்குப் பதிலாக வேறு யாரோ தேர்வு எழுதியிருக்கிறார்கள் என்பது சந்தேகம். கழிவுநீர் சுத்திகரிப்பில் மேற்படிப்புக்கு ஐரோப்பாவில் இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கப்போகிற நேரத்தில், ஆள்மாறாட்டம் என்ற வார்த்தை அவள் தலையில் வந்து விழுந்தது. வேண்டுமானால் அந்த மொழியிலேயே பேசிக் காட்டுகிறேன் என்று மன்றாடிப் பார்த்தாள். பேச்சைப் பரிசோதிப்பது எங்கள் வேலை இல்லை, படம்தான் எங்கள் பிரச்சினை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். படத்தை எடுத்த போட்டோகிராபரை, திருத்தாத மூலப் படத்தோடு மறுநாள் மதியம் கூட்டி வர வேண்டும். வராவிட்டால் ஆள்மாறாட்டம் என்றே எழுதிக் கோப்பை முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்தால் இந்த வருஷம் மட்டும் அல்ல, இனி எந்த வருஷமும் அந்த நாட்டுப் பக்கம் தலைவைக்க முடியாது.

அந்தப் போட்டோகிராபர் வேறு யாருமில்லை. அவளைப் பெற்ற அப்பாதான்.

நேற்று அப்பா ஒரு கம்பெனி விழாவுக்குப் படம் எடுக்கப் போய், நேரம் கழித்து வந்து அப்படியே படுத்துவிட்டார். அம்மா நர்ஸ், ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி. யாரிடமும் சொல்ல முடியாமல் அந்தக் கோபம் அவளோடு ஒரே பாயில் புரண்டு படுத்தது. விடிந்ததும் பல்லைத் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனாள்.

ஸ்டுடியோ வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அது பவுடர் ஸ்டுடியோதான். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பவுடர் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அப்பா கேமராவைத் தொடுவார். கண்ணாடி ஓரத்தில் நூல் கட்டித் தொங்கும் சீப்பு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. எந்த உடம்புக்கும் பொருந்தும்படி முதுகுப்பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்துவிடுவார். விசாவுக்குப் படம் எடுக்க இந்த வட்டாரத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவர் நினைப்பு. அதில் பாதி உண்மையும்கூட.

அவள் நுழைந்தபோது ஸ்டூலில் ஒரு நடுவயதுக்காரர் கோட்டுக்குள் விறைத்து உட்கார்ந்திருந்தார். தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள், அவ்வளவு வேண்டாம், இப்போது மூச்சை விடுங்கள் என்று அப்பா அவரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என் முகத்தை என்ன பண்ணினீங்க?"

"அஞ்சு நிமிஷம் இரு பாப்பா. சாருக்கு அவசரம்."

"எனக்கு அதைவிட அவசரம்."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். வெளி ஆள் முன்னால் வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பதெல்லாம் அன்றைக்கு அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. அந்த மனிதர் பாவம், முதுகில் கிளிப் இருந்ததால் எழுந்து போகவும் முடியாமல், அப்பா சொன்ன கோணத்திலேயே தாடையை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

அப்பா முதலில், அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்றார். பிறகு, லைட்டிங் அப்படி என்றார். அதற்கும் பிறகு, எல்லா இடத்திலும் செய்கிறதுதானே, இதற்குப் போய் ஏன் இப்படிக் குதிக்கிறாய் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் குரல் ஒரு படி ஏறியது.

"சரி, விடுங்க. திருத்தாத ஃபைலைக் குடுங்க. மதியம் என்கூட வாங்க. வந்து சொல்லுங்க, முடிஞ்சுது."

"திருத்தாததுக்கு நான் எங்க போறது? வெச்சுக்கறது இல்லையே."

இது அவருடைய தொழில் பழக்கம். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் மூலப் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, நகலில்தான் கை வைப்பார்கள். அப்பா மூலப் படத்திலேயே வேலை செய்து, அதன் மேலேயே சேமித்துவிடுவார். வந்தபோது இருந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, வாடிக்கையாளரே கேட்டாலும் கிடைக்கக் கூடாது என்று ஒரு கொள்கை. கண்ணுக்குக் கீழே கறுப்பு இருந்ததா, பல் தூக்கியிருந்ததா என்பதற்கு அவர் கம்ப்யூட்டரில் சாட்சியே இருக்காது. இதை அவர் மற்ற தொழில்காரர்களிடம் பெருமையாகச் சொல்வதை அவளே கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

சுவரைப் பார்த்தாள். மாதிரிக்கு மாட்டியிருந்த படங்களில் பாதி அவளுடையவை. தவழும் குழந்தை, பள்ளிக்கூடச் சீருடை, பட்டம் வாங்கிய நாள். அத்தனையிலும் பளபளக்கிற இடது கன்னம். பன்னிரண்டு வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறாள், ஏன் படத்தில் மட்டும் மச்சம் வரவில்லை என்று. லைட் அப்படி விழுந்திருக்கிறது பாப்பா என்றார் அப்பா. அதை நம்பிக்கொண்டு, இந்த ஸ்டுடியோவில் எங்கோ ஒரு விளக்கு இருக்கிறது, அதன் கீழே போய் நின்றால் தனக்கு மச்சம் கிடையாது என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். விவரம் தெரிந்தபிறகு அந்தப் படங்களைக் கவனிப்பதையே விட்டுவிட்டாள். தேர்வுக்கு அவர் அனுப்பிய படத்தையும் அதனால்தான் உற்றுப் பார்க்கவில்லை. இப்போது அதையெல்லாம் நினைத்தபோது அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அப்பா விஷயத்தை முடித்துவைக்கிற குரலில் சொன்னார். "இதுக்கா இவ்வளவு? இப்பவே உட்காரு. நல்லதா இன்னொண்ணு எடுத்துத் தரேன்."

அவள் ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டாள். பேசியிருந்தால் அந்தப் பவுடர் டப்பா அவர் தலையில் கவிழ்ந்திருக்கும். எனக்கு அதில் ஆட்சேபணை இருந்திருக்காது.

வீட்டில் அம்மா அப்போதுதான் இரவு ட்யூட்டி முடிந்து வந்து, வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் சொல்லச் சொல்ல வாளித் தண்ணீர் ஆறிப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் ஈரக் காலோடு எழுந்து அலமாரியைத் திறந்தாள். மூலப் படம் இல்லாவிட்டால் போகட்டும், மச்சத்தோடு ஒரே ஒரு பழைய படம் கிடைத்தாலும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற படங்களோடு சேர்த்துக் காட்டலாமே, அப்பா எப்போதும் இப்படித்தான் பண்ணுவார் என்று புரியவைக்கலாமே என்பது அவள் யோசனை.

தேடினார்கள். கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டி, பீரோவின் மேல்தட்டு, பழைய பள்ளி அடையாள அட்டைகள், கல்லூரி அட்டை, நூலக அட்டை. எல்லாமே அப்பா எடுத்தவை. எல்லாமே துடைத்தவை. போனைத் திறந்தாள் மகள். தோழிகளோடு எடுத்த படங்களில் எப்போதும் இடது ஓரத்திலேயே நின்று, இடது பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் திரும்பியிருந்தாள். அந்தக் கன்னத்தை ஒன்றில் ஒருத்தியின் தோள் மறைத்தது, ஒன்றில் ஒருத்தியின் கூந்தல், ஒன்றில் கதவு. எந்தப் படத்திலும் முழு முகம் கிடையாது. அப்படித் திரும்பிக்கொள்ள அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுச் சுவரைப் பார்த்து அவளாகக் கற்றுக்கொண்டதுதான்.

போட்டோகிராபர் வீடு. திரும்பின பக்கமெல்லாம் படம். அவள் முகம் மட்டும் அதில் ஒன்றில்கூட இல்லை.

அம்மா கட்டிலில் பரப்பியிருந்த ஆல்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். வரட்டும் உங்கப்பா, இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்றாள்.

வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டுடியோவை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மூடிவிட்டு, சமாதானம் பேசுகிற முகத்தோடு, கை கழுவிவிட்டு நேரே சாப்பாட்டுத் தட்டைத் தேடினார். தட்டு வைக்கப்படவில்லை.

"சாப்பாடு அப்புறம். சட்டையை மாத்திட்டுக் கிளம்புங்க" என்றாள் அம்மா.

எங்கே என்று தெரியாதவர் போலக் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினார். தான் போய், ஆமாம், நான்தான் முகத்தை மாற்றினேன் என்று அங்கே ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? நாளையிலிருந்து தன் கடைப் படம் என்றாலே அந்த மையத்தில் திருப்பி அனுப்புவார்கள். வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி விசாவுக்கு வருகிற கூட்டம். பெண்ணுக்காகக் கடையை இழுத்து மூடச் சொல்கிறாயா?

"பண்ணும்போது அது தெரியலையா உங்களுக்கு?"

"பண்ணினது யாருக்காக? அவ நல்லா இருக்கணும்னுதானே?"

"நல்லாத்தான் இருக்கா பாருங்க. இன்னொருத்தியை வெச்சுப் பரீட்சை எழுதினவன்னு பேர் வாங்கிட்டு வந்து நிக்கறா."

அப்பாவுக்கும் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பழைய கணக்கைத் தோண்டுவார். மெதுவாகத்தான் கேட்டார். "மச்சத்தை முதல் தடவை எடுக்கச் சொன்னது யாரு? அதையும் உன் பொண்ணுகிட்ட சொல்லு."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கதை சின்னதுதான். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபோது, தூரத்தில் இருந்த அக்காவுக்குப் படம் அனுப்ப அம்மா ஆசைப்பட்டாள். அந்த அக்கா எதற்கெடுத்தாலும் உச்சுக்கொட்டுகிற ரகம். ஐயோ பாவம், பெண் குழந்தையாச்சே என்று அவள் ஆரம்பித்துவிடக் கூடாது என்று, கன்னத்தைக் கொஞ்சம் சரி பண்ணித் தருகிறீர்களா என்று கணவனிடம் கேட்டிருக்கிறாள். அப்பா ராத்தூக்கம் விட்டு அதைச் செய்தார். அவர் தன் கையாலே செய்த முதல் திருத்தம் அதுதான்.

"ஆமா, சொன்னேன்" என்றாள் அம்மா. அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒரே ஒரு படத்துக்குத்தான் சொன்னேன். அவ வளர வளர ஒவ்வொண்ணுக்குமா சொன்னேன்? ஒரு தடவையாவது என்னைக் கேட்டீங்களா?"

"நீ வேண்டாம்னும் சொல்லலையே."

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது நிஜம். ஒவ்வொரு படமும் சட்டம் போட்டு வந்தபோது, அழகாக இருக்கிறது என்று சொல்லி ஆணி அடிக்க இடம் காட்டியவள் அவள்தான்.

அதுவரை அம்மா தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த மகளுக்கு, நிற்கிற இடமே இல்லாமல் போன மாதிரி ஆனது. இரண்டு பேர் மேலும் ஒரே சமயத்தில் கோபப்படுவது சுலபமில்லை. அவளால் முடிந்தது.

"இந்தச் சுவத்துல இருக்காளே, இவ யாரு?" என்று கேட்டாள். "உங்களுக்கு அவதானே பொண்ணு? அவளையே அனுப்புங்க. அவ மூஞ்சிக்கு உடனே விசா குடுத்துடுவாங்க. பஸ்ல நின்னுக்கிட்டே காதுல மாட்டிக்கிட்டுப் படிச்சது நான். ராத்திரி வகுப்புக்கு ஓடினது நான். சர்டிபிகேட் மட்டும் அவ வாங்கிட்டுப் போயிட்டா."



அம்மா எழுந்தாள். சுவரில் இருந்த முதல் படத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி மேஜையில் வைத்தாள். அடுத்ததைக் கழற்றினாள். அதற்கடுத்தது. ஆணி மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, சுவரில் சட்டம் இருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. அப்பா, என்ன பண்ணுகிறாய், கண்ணாடி உடையும் என்றார். அவள் நிறுத்தவில்லை.

"நீங்க வரலைன்னா நான் போறேன். மச்சத்தை எடுத்தது என் புருஷன், எடுக்கச் சொன்னது நான்னு சொல்லிட்டு வரேன். யார் கடை மூடினாலும் எனக்குக் கவலை இல்லை."

அப்பா மனைவியை ஒருமுறையும் ஆணிகளை ஒருமுறையும் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தலையை வாரியிருந்தார். பவுடரும் போட்டிருந்தார். எந்த நிலைமையிலும் பவுடரை விடாத மனிதர்.

ஆட்டோவில் பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் அப்பா. அவர் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

விசா மையம் ஒரு பழைய வணிக வளாகத்தின் மாடியில் இருந்தது. போனை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டு டோக்கன் கொடுத்தார்கள். ஒட்டவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கோப்புகளை மடியில் அணைத்துக்கொண்டு ஆட்கள். அம்மாவை உள்ளே விட முடியாது என்றார்கள். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றாள்.

உள்ளே கண்ணாடித் தடுப்பு இல்லை, ஒரு மேஜைதான். அதற்குப் பின்னால் நரைத்த குட்டை முடியோடு ஒரு வெள்ளைக்கார அதிகாரி அம்மாள். பக்கத்தில் நேற்றைய டை. இன்று மொழிபெயர்ப்பு அவர் வேலை. அவர் முதலிலேயே எச்சரித்துவிட்டார். கேள்விகள் எல்லாம் அப்பாவுக்குத்தான். பெண் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது, கண்ஜாடை கூடாது. திறந்தால் சொல்லிக்கொடுத்ததாகக் குறிக்கப்படும், கோப்பு அங்கேயே மூடப்படும். சரி என்று தலையாட்டிவிட்டு, மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

இந்தப் படத்தை எடுத்தது நீங்கள்தானா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றார் அப்பா. மூலப் படம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றார். இந்த முகத்தில் ஏன் மச்சம் இல்லை என்று கேட்டார்.

"லைட்டிங்" என்றார் அப்பா.

பெண்ணுக்குக் காது சூடாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, இத்தனை சண்டைக்குப் பிறகு, மறுபடி லைட்டிங். நகம் உள்ளங்கையில் பதிய அடக்கிக்கொண்டாள்.

டை அதை மொழிபெயர்த்தார். அதிகாரி அம்மாள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. எந்த இடத்தில் வெளிச்சம் விழுந்தது என்று உங்கள் மகளின் முகத்தில் தொட்டுக் காட்டுங்கள் என்றார்.

அப்பா திரும்பினார். பக்கத்தில், ஒரு கை தூரத்தில், குழல் விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கன்னம். எவ்வளவோ வருஷமாகத் திரையில் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக அழித்த கன்னம். அவர் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. தொடவில்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் கண்ணையே முறைத்துப் பார்த்தாள்.

"இருந்தது" என்றார் அப்பா. "நான்தான் எடுத்தேன்."

ஏன் என்றார் அதிகாரி.

"நாலு பேர் பாக்கற மாதிரி இருக்க வேண்டாமா? அதுக்குத்தான்."

டை தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினார். இது இந்தத் தொழிலில் வழக்கமான ஒரு சிறு திருத்தம், படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததாகச் சொல்கிறார் என்று அந்த மொழியில் அழகாகக் கோத்துச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஒரு தகப்பனை அன்னியர் முன்னால் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நம் ஆட்கள் இப்படித்தான், மூடி மூடியே எல்லாவற்றையும் சீராக்கிவிடுவார்கள்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை."

சொன்னது பெண். அந்த மொழியிலேயே. வாயைத் திறந்தாகிவிட்டது, கோப்பு மூடினாலும் மூடட்டும் என்று அவள் மேலே போனாள். என் முகம் நாலு பேர் பார்க்கிற மாதிரி இல்லை என்றுதான் அவர் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தெளிவுக்காக இல்லை, தொழில் வழக்கம் என்பதற்காகவும் இல்லை. எனக்கு ஒரு வயதானதிலிருந்து என்னை அழித்துக்கொண்டே வந்திருக்கிறார், நான் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அழித்திருக்கிறார், எங்கள் வீட்டில் என் படம் என்று ஒன்றுகூட இல்லை, அதனால்தான் உங்களிடம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இந்த முகத்தோடுதான் நான் தேர்வு எழுதினேன். அந்த அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டுமானால் அவர்களைக் கேளுங்கள், யாருக்கும் மறந்திருக்காது.

எங்கும் தடுக்கவில்லை. வார்த்தை தேடவில்லை. கோபம் வந்தால் தாய்மொழியே குழறும் என்பார்கள். அவளுக்கு அந்த அன்னிய மொழி வாயில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. டை வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று புரிந்து, குனிந்துகொண்டார்.

அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு நேரம் மேஜையைப் பார்த்துப் பேசியவர், இப்போது அவளை நேராகப் பார்த்து முதல் முறையாக அவளிடம் கேட்டார். இதை எங்கே கற்றுக்கொண்டாய்?

"பஸ்ஸில்" என்றாள் அவள், இன்னும் அதே கோபத்தோடு.

அதிகாரியின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. தேர்வை நீதான் எழுதினாய் என்பதில் எனக்கு இனி சந்தேகம் இல்லை என்றார். ஆனால் அவர் கோப்பில் கையெழுத்துப் போடவில்லை. டையிடம் திரும்பி, நீங்கள் வெளியே இருக்கலாம் என்றார். இனி உங்கள் உதவி தேவைப்படாது என்று அதற்கு அர்த்தம். டை எழுந்து போகும்போது கதவை மிக மெதுவாகச் சாத்தினார்.

அறையில் மூன்று பேர் மட்டும். அதிகாரி இழுப்பறையைத் திறந்து, ஒரு உறையிலிருந்து சில விசாப் படங்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். வேறு வேறு மனிதர்களின் படங்கள். ஒன்றைத் திருப்பிக் காட்டினார். பின்னால் பவுடர் ஸ்டுடியோவின் முத்திரை.

இவர்களுடைய விண்ணப்பங்களும் என்னிடம் இருக்கின்றன என்றார். உன் தகப்பனார் இவர்கள் முகத்திலும் ஏதாவது மாற்றியிருக்கிறாரா என்று கேட்டுச் சொல். நீ சொல்கிற பதிலை நம்பித்தான் நான் எழுதப்போகிறேன். பிறகு அது பொய் என்று தெரிந்தால், இவர்களுடைய கோப்புகள் இருக்கட்டும், உன்னுடையதை நான் மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

பெண் அப்பா பக்கம் திரும்பினாள். அவர் ஏற்கெனவே அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தது. எது எங்கே இருந்தது, எதை எங்கே எடுத்தார் என்பது அவர் கண் நகர்ந்த விதத்திலேயே தெரிந்தது. பவுடருக்கு மேலே வியர்வை கோடாக இறங்கியது.

"இதுலயும் கை வெச்சீங்களான்னு கேக்கறாங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தை, இந்த முறை கண்ணைத் திருப்பாமல், முழுசாகப் பார்த்தார்.

"இல்லைன்னு சொல்லு பாப்பா" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்.